இரண்டு மேனேஜர்கள்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு 'மேனேஜர்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். மேட்டில் பங்களா, பங்களா வாசலில் லேண்ட் ரோவர், அதன் பின்னால் ஒரு நாய். என் பாட்டி காலத்தில் அவருக்குத் 'துரை' என்று பெயர். அப்பா காலத்தில் 'மேனேஜர்' ஆனார். அவர் வண்டி வரும் சத்தம் கேட்டால் நாங்கள் பாதையை விட்டு ஒதுங்கி நிற்போம். ஆகவே, காற்பந்துக் குழுவுக்கும் மேனேஜர் என்று ஒருவர் உண்டு, அவர் மழையில் நனைந்துகொண்டு கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார் என்று ஒருவர் சொன்னபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அப்படிச் சொன்னவர் எங்கள் தோட்டக் காற்பந்துக் குழுவைப் பார்த்துக்கொண்ட மாமா. ஆலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை. மாலை ஐந்து மணிக்கு மேல் திடலில் வேலை. முன்னதற்குச் சம்பளம் உண்டு. பின்னதற்கு எங்கள் தாய்மார்களின் திட்டு உண்டு. சொன்ன நாளிலிருந்து அவருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தோட்டத்தில் இரண்டு மேனேஜர்கள் ஆனார்கள்: 'பங்களா மேனேஜர்', 'திடல் மேனேஜர்'.

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுத் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தோட்டத்தைப் பற்றி எழுதுங்கண்ணே" என்றார். தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பனி, கொழுந்து, கூடை, கண்ணீர் என்று எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டார்கள். எனவே நான் காற்பந்தைப் பற்றி எழுதுகிறேன். தோட்டம் தானாக உள்ளே வந்துவிடும்.

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இந்த மலையைக் குறித்து வைத்தார். ஜே. ஏ. ரஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மேலே ஏறும் பாதையில் நம் முன்னோர்களும் ஏறினார்கள். இவையெல்லாம் பாடநூலில் கிடைக்கும். பாடநூலில் கிடைக்காத ஒன்று உண்டு. அந்த மலையில் சமதரையான இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதுதான் அது. கிடைத்த சமதரையில் முதலில் ஆலை வரும், பிறகு அலுவலகம், பள்ளிக்கூடம், கோயில். மிச்சம் இருப்பதுதான் திடல். எங்கள் திடலில் ஒரு பக்கம் சற்றுச் சரிவு. 'மேல் கோல்', 'கீழ் கோல்' என்றே சொல்வோம். நாணயம் சுண்டி வென்றவன் முதற்பாதியில் மேலிருந்து கீழே அடிப்பான். மாலை நான்கு மணிக்கு மேல் பனி இறங்கினால் மேல் கோல் காவலனுக்குக் கீழ் கோல் தெரியாது. கோல் விழுந்ததா இல்லையா என்பதைக் கூச்சலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பந்து தேயிலைச் செடிக்குள் போனால் எடுக்கப் போகிறவன் முழங்காலில் கீறலோடு திரும்புவான். காலில் 'கம்போங் அடிடாஸ்'. பால்மரத் தோட்டத்துக்காரர்கள் போடும் அதே கறுப்பு ரப்பர் சப்பாத்துதான். மழைச் சேற்றில் அதைவிட உறுதியாக நிற்கும் சப்பாத்தை நான் இன்றுவரை கண்டதில்லை.

அபர்டீன் என்ற ஊரின் பெயரை நான் முதலில் கேட்டது 1999 மே 27 அதிகாலையில். மலேசிய நேரம் இரண்டே முக்காலுக்கு ஆட்டம். மென்செஸ்டர் யுனைடெட்டும் பாயர்ன் மூனிக்கும் பார்சலோனாவில் மோதின. லயத்தில் பெரிய தொலைக்காட்சி வைத்திருந்த வீட்டில் இருபது பேர் போர்வையோடு உட்கார்ந்திருந்தோம். ஆறாவது நிமிடத்திலேயே ஜெர்மன்காரர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். தொண்ணூறு நிமிடம் முடியும்வரை அந்த ஒரு கோல்தான். பாதிப்பேர் எழுந்து போகத் தயாரானார்கள். மாமா மட்டும் அசையவில்லை. "இருங்கடா. இந்த மனுசன் மூனிக்கை ஏற்கெனவே ஒரு தரம் கவுத்திருக்காரு. நீங்கல்லாம் பால்குடிக்கிறப்போ" என்றார். அதன்பின் ஷெரிங்கமும் சோல்ஸ்கியாரும் கோல் போட்டது உலகத்துக்கே தெரியும். எனக்கோ மாமா சொன்ன 'ஏற்கெனவே' என்ற சொல்தான் மனத்தில் நின்றது.

விடிந்ததும் கேட்டேன். சொன்னார். அவருடைய அப்பா பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். அங்கே படித்துப் போட்ட ஆங்கில நாளிதழ்களைக் கட்டாகக் கொண்டுவருவாராம். மூன்றாம் படிவம் வரை படித்த மாமா கடைசிப் பக்கங்களை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். அப்படித்தான் 1983இல் அலெக்ஸ் பெர்குசன் என்ற பெயரும் அபர்டீன் என்ற பெயரும் அவருக்கு அறிமுகமாயின.

பெர்குசன் கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் 1941இல் பிறந்தவர். தந்தை கப்பல் கட்டும் துறையில் தொழிலாளி. மகனும் தொழிற்சாலையில் கருவி செய்யப் பழகியவர். தொழிற்சங்கப் பிரதிநிதியாகவும் இருந்தவர். ஆட்டக்காரராகச் சிறு வயது முதல் நேசித்த ரேஞ்சர்ஸ் குழுவில் சேர்ந்தார். ஆனால் அங்கிருந்து 1969இல் மனக்கசப்போடு வெளியேறினார். பயிற்றுநராகச் செயிண்ட் மிரன் குழுவை உயர்த்திவிட்டார்; அங்கே 1978இல் வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த ஆண்டுதான் அபர்டீன் அவரை அழைத்தது.

அபர்டீன் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் ஊர். கருங்கல் கட்டடங்கள், மீன்பிடித் துறைமுகம், பிறகு வந்த எண்ணெய். பிட்டோட்ரி என்ற அவர்களுடைய திடல் கடலுக்குப் பக்கத்தில். வட கடலின் குளிர்காற்று நேராக உள்ளே வரும். ஸ்காட்லாந்துக் காற்பந்து என்றால் கிளாஸ்கோவின் செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டும்தான் என்று இருந்த காலம். கிளாஸ்கோவுக்குப் போய் அவர்களை அவர்கள் திடலிலேயே தோற்கடிக்க முடியும் என்று தம் பையன்களை நம்பவைத்ததே பெர்குசன் செய்த முதல் வேலை. தானா ராத்தாவுக்கு ஆட்டத்துக்குப் போகும்போது லாரியில் மாமா எங்களிடம் பேசியதெல்லாம் இதே பேச்சுத்தான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அங்கே முதல் ஆண்டு அவருக்கு நல்லபடியாக அமையவில்லை. 1979 பிப்ரவரியில் அவருடைய தந்தை இறந்தார். அந்நேரம் அபர்டீன், அவரை நீக்கிய அதே செயிண்ட் மிரன் திடலில் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு, 1980இல், லீக் பட்டம் வந்தது. அபர்டீனுக்கு 1955க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

மாமா சொன்ன மூனிக் ஆட்டம் 1983 மார்ச் 16இல் பிட்டோட்ரியில் நடந்தது. முதல் சுற்று மூனிக்கில் 0-0. இங்கே இரண்டு முறை மூனிக் முன்னிலை பெற்றது. ருமனிகே ஆடிய குழு அது, சாதாரணக் குழுவா? ஆட்டம் முடியப் பதினைந்து நிமிடம்கூட இல்லாதபோது அபர்டீனுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. ஸ்டிராகனும் மெக்மாஸ்டரும் ஒரே நேரத்தில் பந்தை நோக்கி ஓடி, ஒருவர் மேல் ஒருவர் மோதுவதுபோல நின்று, யார் உதைப்பது என்று சண்டை போடுவதுபோல நடித்தார்கள். மூனிக்காரர்கள் கொஞ்சம் அசந்த நேரம் ஸ்டிராகன் திரும்பிப் பந்தைத் தூக்கி அடித்தார். மெக்லீஷ் தலையால் முட்டினார். கோல். அடுத்த நிமிடமே ஜான் ஹியூவிட் இன்னொன்று. 3-2.

மே 11இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் இறுதியாட்டம். எதிரே ரியால் மாட்ரிட். கொட்டும் மழை. அபர்டீனிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் ஆயிரக்கணக்கானோர் போயிருந்தார்கள். எரிக் பிளாக் ஒரு கோல், மாட்ரிட்டுக்கு ஒரு பெனால்டி, கூடுதல் நேரம், 112ஆவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்த ஹியூவிட்டின் தலை. 2-1. களத்தில் இறங்கிய அபர்டீன் ஆட்டக்காரர்கள் அனைவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். இன்றைய ஐரோப்பியக் காற்பந்தில் இப்படி ஒரு குழுவைக் கனவிலும் காண முடியாது.

பத்து நாள் கழித்து ஸ்காட்டிஷ் கிண்ணத்தையும் வென்றார்கள், ரேஞ்சர்ஸை 1-0 என்று. ஆனால் ஆட்டம் முடிந்ததும் பெர்குசன் தொலைக்காட்சியில் தம் ஆட்டக்காரர்களையே கேவலமாக ஆடினார்கள் என்று திட்டித் தீர்த்தார். கிண்ணம் வென்ற பையன்களை! மறுநாள் மன்னிப்புக் கேட்டார். இந்தச் செய்தியை மாமாவிடம் நான் சொன்னபோது அவர் அரைமணி நேரம் சிரித்தார். காரணம் எங்கள் குழுவில் எல்லாருக்கும் தெரியும்.

எட்டு ஆண்டுகளில் மூன்று லீக் பட்டம், நான்கு ஸ்காட்டிஷ் கிண்ணம், ஒரு லீக் கிண்ணம், ஐரோப்பிய வெற்றிக் கிண்ணம், ஐரோப்பிய சூப்பர் கிண்ணம். இடையில் ரேஞ்சர்ஸ் கேட்டது, போகவில்லை. 1986 நவம்பரில் மென்செஸ்டர் கேட்டது, போனார். 1985இல் அவர் வென்ற லீக் பட்டத்துக்குப் பிறகு, 2025 வரை நாற்பது ஆண்டுகள், கிளாஸ்கோவின் இரண்டு குழுக்களைத் தவிர வேறெவரும் ஸ்காட்லாந்து லீக்கை வென்றதில்லை.

இதுவரை எழுதியதைக் காற்பந்து நூல் எதிலும் படிக்கலாம். எனக்கு அக்கறையானது அதற்குப் பிந்திய கதை. மென்செஸ்டரில் இருபத்தாறு ஆண்டுகளில் 38 கிண்ணங்கள் வென்றவர். பழைய குழுவை மறந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மறக்கவில்லை.

டெடி ஸ்காட் என்று ஒருவர் அபர்டீனில் இருந்தார். ஆட்டக்காரராக வந்து, பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டு அங்கேயே தங்கி, இளையவர்களைப் பழக்குவது, சட்டை துவைத்து அடுக்குவது, சப்பாத்து பார்ப்பது என்று எல்லா வேலையும் செய்தவர். 1999 ஜனவரியில் அவரைச் சிறப்பிக்க ஓர் ஆட்டம் வைத்தார்கள். பெர்குசன் தம் மென்செஸ்டர் குழுவை அழைத்துக்கொண்டு பிட்டோட்ரிக்கு வந்தார். மூன்று கிண்ணங்களையும் வென்ற அதே பருவத்தின் நடுவில், லிவர்பூலோடு கிண்ண ஆட்டம் காத்திருந்த வாரத்தில்! சட்டை துவைக்கும் மனிதருக்காக. எனக்கு அந்த 38 கிண்ணங்களை விட இது பெரிதாகப் படுகிறது. 2008 ஜூலையில் மீண்டும் வந்தார், கோத்தன்பர்க் வெற்றியின் 25ஆம் ஆண்டுக்காக. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஐரோப்பிய வெற்றியாளர் பட்டத்தை வென்றிருந்தார். 2018இல் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டுப் பிழைத்தார். அதன்பின் 2021இல் அவருடைய மகன் எடுத்த ஆவணப்படத்தில் அபர்டீன் காலத்துக்குக் கிடைத்த இடம் சிறிதன்று. 2022 பிப்ரவரியில் பிட்டோட்ரியில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். எண்பது வயதில் நேரில் வந்து பார்த்தார்.

இந்த அன்பைக் கண்மூடிப் புகழ்வது என் நோக்கமில்லை. கோத்தன்பர்க் கோல் காவலர் ஜிம் லேய்ட்டனை அவரே மென்செஸ்டருக்கு அழைத்துப் போனார். 1990 எஃப்.ஏ. கிண்ண மறு இறுதியாட்டத்தில் அவரையே வெளியே உட்கார வைத்தார். அந்த நட்பு உடைந்தது. ஸ்டிராகனோடும் பின்னாளில் சுமுகமில்லை. குழுமீது பாசம் வைக்கிறவர் குழுவில் இருந்த எல்லார்மீதும் பாசம் வைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது போலும். எங்கள் மாமாவும் தோட்டங்களுக்கிடையிலான இறுதியாட்டம் ஒன்றில் என் அண்ணனை வெளியே உட்கார வைத்தார். அண்ணன் இன்றும் அவருக்கு எதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டுவார். பேசமாட்டார்.

மாமா 2000ஆம் ஆண்டில் தோட்டத்தை விட்டுப் போனார். மகன் பாலிடெக்னிக் சேர்ந்தான். ஆலைச் சம்பளம் போதவில்லை. கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தோட்டத்து வீடு வேலைக்குக் கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, திடலுக்குப் போய்க் கோல் கம்பத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு லாரியில் ஏறினார். மூன்று தலைமுறை இருந்த இடத்தில் அவருக்கென்று ஒரு செங்கல்கூட இல்லை. என் பெற்றோருக்கும் 2007இல் அதே கதைதான். இப்போது எங்கள் வீடு பீடோரில்.

இங்கேதான் பெர்குசனையும் மாமாவையும் ஒப்பிடுவது எனக்குச் சிக்கலாகிறது. அபர்டீன் பெர்குசனைப் போகச் சொல்லவில்லை. அவர் உச்சியில் இருக்கும்போது தாமாகப் போனார். தலைவர் டிக் டொனால்ட் அவரைக் கடைசிவரை நம்பினார். போகச் சொன்ன செயிண்ட் மிரன்மீது அவர் இப்படி உருகியதாக நான் படித்ததில்லை. அப்படியானால் பாசம் என்பது நம்மை நன்றாக வைத்திருந்த இடத்துக்கு நாம் செலுத்தும் நன்றியா? அப்படியிருந்தால் மாமாவுக்குத் தோட்டத்தின்மீது பாசம் வர ஒரு நியாயமும் இல்லையே!

நம் நாட்டுப் பயிற்றுநர்களை நினைத்துப் பார்க்கிறேன். 2010இல் கிளந்தானுக்கு அதன் வரலாற்றிலேயே முதல் மலேசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தவர் பி. சத்தியநாதன். அதே ஆண்டு டிசம்பரில் இந்தோனேசியாவை வீழ்த்தி ஆசியான் கிண்ணத்தை முதன்முதலாக மலேசியாவுக்குக் கொண்டுவந்தவர் கே. ராஜகோபால். இருவரும் நம்மவர்கள். இவர்களைப் போன்றவர்கள் குழு விட்டுக் குழு மாறிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. எட்டு ஆண்டு ஓரிடத்தில் இருந்து பாசம் வளர்க்க இங்கே யார் விடுகிறார்கள்? சத்தியநாதன் 2023 ஜூலையில் காலமானார். நம் பல்கலைக்கழகங்களில் படிக்கும் தம்பி தங்கைகளில் எத்தனைப் பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

2001 ஜூலையில் மென்செஸ்டர் யுனைடெட் புக்கிட் ஜாலிலுக்கு வந்தபோது நான் முதலாண்டு மாணவன். மாமா கிள்ளானிலிருந்து பேருந்து பிடித்து வந்தார். மலேசியா 0-6 என்று தோற்றது. எங்கள் இருக்கை கூரைக்குப் பக்கத்தில். மாமா பந்தைப் பார்க்கவே இல்லை. கோட்டுக்கு அப்பால் ஒரு புள்ளியாகத் தெரிந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெல்றாரா பாரு, சூயிங்கம்" என்று மட்டும் ஒரு தரம் கேட்டார்.

அந்த ஆண்டிலிருந்துதான் மாமா தீபாவளிக்கு மறுநாள் ஆட்டத்தைத் தொடங்கினார். தோட்டத்தை விட்டுப் போனவர்கள் ஒரு பக்கம், இருக்கிறவர்கள் ஒரு பக்கம். ரவாங், கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப்போனவர்கள் காரில் வந்து சேர்வார்கள். தங்க இடம் கிடையாது. தானா ராத்தாவில் யாராவது உறவுக்காரர் வீட்டில் பாய் விரித்துப் படுப்பார்கள். காலையில் மாரியம்மன் கோயில், பகலில் ஆட்டம், மாலையில் ஆட்டுக்கறி. மாமா ஆண்டுதோறும் ஒரு பை நிறையச் சட்டைகள் கொண்டுவருவார். எல்லாம் சிவப்பு. மென்செஸ்டர் சிவப்பு என்று பையன்கள் நினைத்துக்கொண்டார்கள். அபர்டீனும் சிவப்புத்தான் என்பது மாமாவுக்கும் எனக்கும் தெரியும்.

சிக்கல் எப்போது வந்தது என்றால், 'இருக்கிறவர்கள்' பக்கத்தில் ஆள் குறைந்தபோது. கேமரன் மலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாடுகளிலிருந்து வந்தவர்கள். லயத்தில் அவர்கள்தான். திடலில் மாலையில் ஆடுகிறவர்களும் அவர்கள்தான். சில ஆண்டுகளுக்கு முன் 'இருக்கிறவர்கள்' பக்கத்தில் நம் பையன்கள் நான்கே பேர். மாமா யாரையும் கேட்கவில்லை. லயத்துக்குப் போய் ஏழு பேரை அழைத்து வந்து சிவப்புச் சட்டையைக் கொடுத்தார்.

எங்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "இது நம்ம தாத்தா பாட்டி வெட்டின திடல் மாமா. நம்ம நினைவுக்காகத்தானே வர்றோம்? வெளியாளுங்களைச் சேர்த்தா அப்புறம் எது நம்ம குழு?" என்று ஜொகூரிலிருந்து வந்த ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை நான் சிறுமையாக நினைக்கவில்லை. வீடும் போய், நிலமும் இல்லாமல், ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் 'நம்முடையது' என்று சொல்ல மிஞ்சிய ஓர் இடத்தை இழக்க யாருக்குத்தான் மனம் வரும்? மாமா சட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம தாத்தா கப்பல்ல வந்து எறங்கினப்போ அவரும் வெளியாளுதாண்டா. இந்தப் பையன் நேத்து மழையில கொழுந்து வெட்டிட்டு வந்திருக்கான். நீ கார்ல வந்திருக்கே. இப்ப யாரு தோட்டத்துக்காரன்?"

ஜொகூர்க்காரர் அன்று ஆடவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. இதில் மாமா சொன்னதே முழு நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2025 மே மாதம் அபர்டீன் 35 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்காட்டிஷ் கிண்ணத்தை வென்றது, அதுவும் செல்டிக்கைப் பெனால்டியில் தோற்கடித்து. அந்தக் குழுவின் பயிற்றுநர் சுவீடன்காரர். ஆட்டக்காரர்கள் பல நாட்டுக்காரர்கள். அபர்டீன் தெருக்களில் கூடிய மக்கள் அது தங்கள் குழுவா என்று யாரையும் கேட்கவில்லை.

சென்ற தீபாவளிக்கு மறுநாள் மாமா வந்திருந்தார். எழுபதை நெருங்குகிறார். முழங்கால் சரியில்லை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மேல் கோல் பக்கம் போட்டு உட்கார்ந்து, மலாயில் பாதியும் தமிழில் பாதியுமாகக் கத்திக்கொண்டிருந்தார். கோலில் ஒரு நேப்பாளப் பையன். நல்ல உயரம், நல்ல கை. ஆனால் பந்தைப் பிடித்ததும் எதிரே பார்க்காமல் உதைக்கிறான். மாமா அவனைக் கூப்பிட்டு, பனி இறங்கும்போது கண்ணை நம்பாதே, காதால் கேட்டு உதை என்று சொல்லிக்கொண்டிருந்தார். 3-1 என்று 'இருக்கிறவர்கள்' வென்றார்கள். கோல் வலை இரண்டு இடத்தில் கிழிந்திருக்கிறது. புதியது வாங்க ஆளுக்கு இருபது வெள்ளி என்று மாமா குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். அண்ணன் தம் பங்கை என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மாமா பெயரை எழுதிக்கொண்டு, "அவன் வரலையா?" என்று கேட்டார்.